பீட்டர் என்ஜினும் 'அண்ட் சன்ஸ்' போர்டும்

தேவையில்லாமல் இங்கிலீஷில் அலட்டிக்கொள்பவரை "ரொம்பப் பீட்டர் விடாதே" என்று நாம் அடக்கிவிடுவோம். அந்தப் பீட்டர் யாரோ, எனக்குத் தெரியாது. மெக்கானிக்குகள் வாயில் புழங்கும் இன்னொரு பீட்டர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ராஜ்கோட்டில் செய்து இந்தியா முழுக்க விற்கும் டீசல் என்ஜின்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று 'லிஸ்டர் டைப்'. பெரிய சக்கரம் இரண்டு பக்கமும் சுற்ற, மெதுவாக, டுக் டுக் என்று ஓடும். இன்னொன்று 'பீட்டர் டைப்'. உருவம் சின்னது, வேகம் அதிகம். பஞ்சாப் கிராமங்களில் கிணற்று என்ஜினைக் கழற்றி மரவண்டியில் பூட்டி ஓட்டுகிறார்கள். அதற்குப் பெயர் 'பீட்டர் ரெஹ்ரா'. நம்பர் பிளேட் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. ஆனால் கரும்பையும் கல்யாண வீட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தப் பீட்டர் ஒரு ஆளின் முதற்பெயர் இல்லை. ஒரு குடும்பத்தின் பெயர். சரியாகச் சொன்னால் பெட்டர். இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் பகுதியில் இருக்கும் யோவில் என்ற சிறு நகரத்துக் குடும்பம். யோவில் அப்போது தோல் கையுறைக்குப் பேர்போன ஊர். இன்றைக்கும் அந்த ஊர் கால்பந்து அணியைச் செல்லமாகக் 'கையுறைக்காரர்கள்' என்றுதான் அழைக்கிறார்கள். அங்கே ஜேம்ஸ் பேஸ்லி பெட்டர் என்பவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பிறகு ஒரு வார்ப்படச் சாலையையும் வாங்கிச் சேர்த்தார். வீட்டுக்குள் குளிர் காயும் கணப்பு அடுப்புக்கு அவர் செய்த 'நாட்டிலஸ்' என்ற இரும்புத் தட்டி, விக்டோரியா ராணியின் பால்மோரல், ஆஸ்போர்ன் மாளிகைகள் வரை போனது.

அவருக்குப் பதினைந்து பிள்ளைகள். அதில் 1873இல் பிறந்த இரட்டையர் பெர்சிவலும் எர்னஸ்டும். பெர்சிவலுக்குப் பட்டறை, எர்னஸ்டுக்கு வெளியுலகம். ஒருவர் எண்ணெய்க் கையோடு நிற்க, இன்னொருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆர்டர் பிடிக்கப் போவார். பார்ட்னர்ஷிப்பில் தொழில் செய்யும் எந்த அண்ணன் தம்பியைப் பார்த்தாலும் இந்தப் பங்கீடு தெரியும்.

1895இல் பெர்சிவலும் பட்டறை ஃபோர்மேன் பென் ஜேக்கப்ஸும் 3 குதிரைத்திறன் எண்ணெய் என்ஜின் ஒன்றைச் செய்தார்கள். அதை உள்ளூர் வண்டிக்காரர்களிடம் வாங்கிய ஒரு குதிரை வண்டியில் பூட்டினார்கள். சமதரையில் மணிக்கு 12 மைல் ஓடியது. குதிரையில்லாத வண்டி சாலையில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று பிரிட்டனில் சட்டம் இருந்த காலம் அது. அடுத்த வருடம்தான் அந்தச் சட்டம் மாறியது. பிரிட்டனிலேயே செய்த முதல் மோட்டார் வண்டிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். பண்ணை என்ஜினை மரவண்டியில் பூட்டி ஓட்டியவன் பெயர் பெட்டர். நூறு வருடம் கழித்து, அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் கேள்விப்பட்டிராத பஞ்சாப் மெக்கானிக் அதே காரியத்தைச் செய்துவிட்டு அதற்குப் பீட்டர் என்றே பெயரும் வைக்கிறான்.

மோட்டார் வண்டி வியாபாரம் பெட்டர்களுக்கு எடுபடவில்லை. ஆனால் அந்த முயற்சியில் ஒன்று கையில் மிஞ்சியது: சின்ன என்ஜின் செய்யும் பழக்கம். 1 குதிரைத்திறன் கொண்ட 'ஹேண்டிமேன்' என்ற என்ஜினை விவசாயிகளுக்காகச் செய்தார்கள். நீராவி என்ஜின் என்றால் கொதிகலன் வேண்டும், அதைக் கவனிக்கப் பழகிய ஆள் வேண்டும். பெரிய பண்ணைக்குத்தான் கட்டுப்படியாகும். இது அப்படி இல்லை. ஒரு குடியானவன் தானே ஓட்டி, தானே பழுது பார்த்துக்கொள்ளலாம். 1902இல் கம்பெனிக்கு 'ஜேம்ஸ் பி. பெட்டர் அண்ட் சன்ஸ் லிமிடெட்' என்று பெயர் வந்தது. 1910இல் அது 'பெட்டர்ஸ் லிமிடெட்' ஆனது.

'அண்ட் சன்ஸ்' என்ற சொல்லில் நான் கொஞ்சம் நின்றேன். காரணம் இருக்கிறது.

*

கோவையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு லேத் பட்டறை. அப்பாவும் பெரியப்பாவும் 1989இல் ஆரம்பித்தது. மோட்டார் பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். ஃபவுண்டரியிலிருந்து காஸ்டிங் வரும், கடைசல் பிடித்துத் துளை போட்டு அனுப்புவோம். தாத்தாவுக்கும் பட்டறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் ஆடு மேய்த்தவர். ஆனாலும் போர்டில் தாத்தா பெயரைப் போட்டு, பக்கத்தில் 'அண்ட் சன்ஸ்' என்று எழுதினார்கள். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நாலு ஆட்கள்.

பெரியப்பாவுக்கு ஒரு மகள். அப்பாவுக்கு நான் ஒருத்தி. அந்த போர்டில் எங்களுக்கு இடமில்லை என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. அக்கா மருந்தியல் படித்துக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போனாள். நான் மெக்கானிக்கல் எடுத்தேன். வகுப்பில் அறுபது பேரில் பெண்கள் மூன்று பேர். "படிப்பு முடிச்சு பட்டறையப் பாத்துக்கிறயா?" என்று அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

பெட்டர் என்ற பெயருக்குப் பக்கத்தில் நான் முதலில் வந்தது கல்லூரித் தெர்மல் லேபில். அங்கே சிமெண்ட் மேடையில் ஒரு கிர்லோஸ்கர் ஏவி1. மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு இந்த என்ஜினை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒற்றை சிலிண்டர், துளை 80 மில்லிமீட்டர், வீச்சு 110 மில்லிமீட்டர், 1500 சுற்றில் 5 குதிரைத்திறன். லோடு டெஸ்ட், ஹீட் பேலன்ஸ் டெஸ்ட் எல்லாம் அதில்தான். புங்கன் எண்ணெயில் ஓட்டினேன், காட்டாமணக்கு எண்ணெயில் ஓட்டினேன் என்று நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் வந்த ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த என்ஜின் தலையில்தான் விடிந்திருக்கும். இந்த ஏவி1 பெட்டர்களின் ஏவி1 வழி வந்தது. 1946இல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ், பிரிட்டிஷ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்துதான் டீசல் என்ஜின் தொழிலில் இறங்கியது. ஆனால் அந்த என்ஜின் இந்தியாவுக்கு வந்தபோது பெட்டர் கம்பெனியில் பெட்டர் குடும்பம் இல்லை. பெயர் மட்டும்தான் இருந்தது. அது எப்படி நடந்தது?

*

1915. முதல் உலகப்போரில் குண்டுக்கும் தளவாடத்துக்கும் பிரிட்டன் திண்டாடிக்கொண்டிருந்தது. லாயிட் ஜார்ஜ் நாடாளுமன்றத்தில் நிலைமையை எடுத்துச் சொன்னார். அதைக் கேட்ட பெட்டர் சகோதரர்கள், எங்கள் பட்டறையை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று அரசுக்குத் தீர்மானம் போட்டு அனுப்பினார்கள். கடற்படை அவர்களிடம் விமானம் கேட்டது. விமானம் செய்து அவர்களுக்குப் பழக்கமே இல்லை. சரி என்றார்கள். யோவிலுக்கு மேற்கே, புது வார்ப்படச் சாலைக்காக வாங்கிப்போட்டிருந்த நிலத்துக்கு 'வெஸ்ட்லாண்ட்' என்று பெர்சிவலின் மனைவி பெயர் வைத்திருந்தார். விமானப் பிரிவுக்கும் அதே பெயர் நின்றது. நான் வாசித்த பெட்டர் வரலாறுகளில் ஒரு பெண் செய்ததாக வரும் காரியம் அநேகமாக அது ஒன்றுதான். நூறு வருடம் நிலைத்ததும் அந்தப் பெயர்தான்.

முதலில் செய்தது வேறொரு கம்பெனி வடிவமைத்த ஷார்ட் 184 என்ற கடல் விமானம். அப்படி அவர்கள் செய்த ஒன்று 1916 ஜட்லாண்ட் கடற்போரில் வேவு பார்க்கப் பறந்தது. அதன் முன்பாகம் இன்றும் யோவில்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எர்னஸ்ட் வளர்ந்துகொண்டே போனார். சர் பட்டம் வந்தது. அரசியல் ஆசையும் வந்தது. 1931இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் செயின்ட் ஜார்ஜஸ் இடைத்தேர்தலில், சொந்தக் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமையை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றார். பீவர்புரூக், ராதர்மியர் என்ற இரண்டு பத்திரிகை முதலாளிகள் அவருக்குப் பின்னால் இருந்தார்கள். பேரரசைச் சுற்றி சுங்கவரி மதில் எழுப்பி, குடியேற்ற நாடுகளின் சந்தையைப் பிரிட்டனோடு கட்டிப்போட வேண்டும் என்பது அவர்கள் கோஷம். என்ஜின் விற்கிறவருக்கு அதில் நியாயம் தெரிந்திருக்கலாம். பொறுப்பில்லாத அதிகாரம் என்று பத்திரிகை முதலாளிகளைக் கட்சித் தலைவர் பால்ட்வின் தாக்கிப் பேசிய பிரபலமான பேச்சு இந்தத் தேர்தலில் பேசியதுதான். பேச்சு சரித்திரத்தில் நின்றது. எதிர்த்து நின்ற டஃப் கூப்பரிடம் தோற்ற எர்னஸ்ட் பெட்டர் அடிக்குறிப்பானார்.

அவர் மகன் வில்லியம் எட்வர்ட் வில்லோபி பெட்டர். எல்லோருக்கும் டெடி. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1929இல் வெஸ்ட்லாண்டில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். எர்னஸ்ட் அவரை மளமளவென்று மேலே ஏற்றினார். 1915இலிருந்து விமானப் பிரிவைக் கட்டியெழுப்பிய ராபர்ட் புரூஸ் விலகிக்கொண்டார். 1935இல், 26 வயதில், டெடி தொழில்நுட்ப இயக்குநர். முதலாளி மகன் என்ற பேச்சு எழாமல் இருந்திருக்குமா?

இதைப் போனில் அப்பாவிடம் சொன்னேன். "அப்பன் கம்பெனின்னா அப்படித்தான் பேசுவாங்க கண்ணு. நல்லாச் செஞ்சாலும் பேசுவாங்க, கெட்டுப்போச்சுன்னாலும் பேசுவாங்க" என்றார்.

டெடி நன்றாகவே செய்தார். தரைப்படைக்கு உதவும் விமானம் ஒன்று வேண்டும் என்று அரசு கேட்டபோது, அவர் முதலில் விமானப்படை முகாம்களுக்குப் போய் விமானிகளிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார். கீழே நன்றாகத் தெரிய வேண்டும், மெதுவாகப் பறக்க வேண்டும், சின்ன இடத்தில் இறங்கி ஏற வேண்டும் என்றார்கள். 1936இல் பறந்த லைசாண்டர் அப்படி வந்தது. போரில் அது கடைசியில் வேறொரு வேலைக்குப் பெயர் வாங்கியது: நிலா வெளிச்சத்தில் பிரான்சின் வயல்களில் இறங்கி ஒற்றர்களை இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு வருவது.

*

1938இல் எல்லாம் முடிந்தது. வெஸ்ட்லாண்ட், ஜான் பிரவுன் என்ற கப்பல் கட்டும் கம்பெனியின் கைக்குப் போனது. என்ஜின் தொழில் பிரஷ் என்ற மின்பொறிக் கம்பெனிக்கு விற்கப்பட்டு லஃப்பரோ என்ற ஊருக்குப் போனது. சர் எர்னஸ்ட் விலகி, கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். இரும்புக்கடையில் தொடங்கி, குடும்பத்தின் கையில் தொழில் இருந்தது சுமார் எழுபது வருடம்.

கதையை இங்கேயே நிறுத்தினால் இது ஒரு வீழ்ச்சிக் கதை. நிறுத்த முடியாது. டெடி இருக்கிறார்.

1944இல் அவரும் வெஸ்ட்லாண்டை விட்டு இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனிக்குப் போனார். அங்கே கான்பெரா குண்டுவீச்சு விமானம் அவர் தலைமையில் உருவானது. 1949 மே 13 அன்று முதலில் பறந்தது. அதற்குப் பின் லைட்னிங் என்ற போர் விமானத்துக்கு அடித்தளம் போட்டுவிட்டு, அங்கிருந்தும் கிளம்பினார். ஹாம்பிளில் இருந்த ஃபோலண்ட் என்ற சின்னக் கம்பெனிக்குப் போய் எல்லோரும் சிரிக்கும் ஒரு காரியத்தைச் செய்தார். போர் விமானங்கள் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போகின்றன, இது பைத்தியக்காரத்தனம், சின்னதாக ஒன்று செய்கிறேன் என்றார். 1955இல் பறந்த நாட் அதுதான். இந்தப் பக்க இறக்கை நுனியிலிருந்து அந்தப் பக்க நுனி வரை 7 மீட்டர்கூட இல்லை. எங்கள் பட்டறைக்குள் ஷட்டரைக் கழற்றினால் நிறுத்திவிடலாம்.

நாட்டைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்கு ஹேண்டிமேன் நினைவுக்கு வந்தது. பெரிய பண்ணைக்காரனிடம் மட்டும் இருந்த சக்தியைச் சின்ன என்ஜினாக்கிக் குடியானவனிடம் கொடுத்தது அப்பன் தலைமுறை. பெரிய நாடுகளுக்கு மட்டும் கட்டுப்படியாகும் போர் விமானத்தைச் சின்னதாக்கினார் மகன். பிரிட்டிஷ் விமானப்படை அதைச் சண்டை விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, பயிற்சிக்குத்தான் வைத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது இந்தியா. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அதைக் கட்டியது. கட்டுப்பாட்டுக் கருவிகளில் தொந்தரவு, துப்பாக்கி அடைத்துக்கொள்ளும் தொந்தரவு எல்லாம் இருந்தது. ஆனாலும் 1965 போரில் அதற்கு 'சேபர் ஸ்லேயர்' என்று பெயர் வந்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் ஆறு சேபர்களோடு தனியாக மோதி உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியது நாட் விமானம்தான். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். டெடியின் இன்னொரு விமானமான கான்பெரா 1957இலிருந்து 2007 வரை, ஐம்பது வருடம் நம் விமானப்படையில் பறந்தது.

தகப்பன் பேரரசுக்கு மதில் எழுப்பிச் சந்தையைப் பிடித்துவைக்க ஆசைப்பட்டார். பேரரசு போனபிறகு, சுதந்திர இந்தியா உரிமம் வாங்கி, தன் ஆலைகளில் தன் ஆட்களை வைத்து, மகன் வரைந்த விமானத்தையும் குடும்பப் பெயர் தாங்கிய என்ஜினையும் செய்துகொண்டது. மதில் இல்லாமலேதான் அவை இங்கே வேர்பிடித்தன.

கடைசித் திருப்பம் ஒன்று இருக்கிறது. 1957இல் ஹாக்கர் சிட்லி என்ற பெரிய குழுமம் பிரஷை வாங்கியது. அதோடு பெட்டர் என்ஜினும் அதன் கைக்குப் போனது. இரண்டு வருடத்தில் அதே குழுமம் ஃபோலண்டையும் விழுங்கியது. குடும்பத்தின் என்ஜினும் குடும்பத்து மகனின் விமானமும் கடைசியில் ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் வந்து சேர்ந்தன. டெடி அங்கே இருக்கவில்லை. விமானத் தொழிலையே விட்டுவிட்டு, மனைவியோடு சுவிட்சர்லாந்துக்குப் போய் ஒரு மதக் குழுவில் சேர்ந்து எளிமையாக வாழ்ந்தார். 1968இல் பிரான்சில் இறந்தார். அவருக்கு மூன்று மகள்கள். 1986இல் ஹாக்கர் சிட்லி, தன்னிடமிருந்த லிஸ்டரையும் பெட்டரையும் இணைத்து லிஸ்டர் பெட்டர் ஆக்கியது. ராஜ்கோட்டுக் கடைகளில் எதிரெதிர் ஜாதியாக நிற்கும் இருவரும் சொந்த ஊரில் ஒரே பெயர்ப் பலகையில் ஏறிவிட்டார்கள்.

*

பெரியப்பா போன பிறகு அப்பா தனியாகத்தான் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் முட்டி தேய்ந்துவிட்டது.

"மூணு லேத்தையும் எடைக்குப் போட்டாக்கூட ஏதோ வரும் கண்ணு. சி.என்.சி வந்ததுக்கப்பறம் இத யாரு சீந்தறாங்க?"

எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக ஒரு அண்ணன் இருக்கிறார். டர்னர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். லேத் சத்தத்தை வைத்தே டூல் மொட்டையாகிவிட்டதைச் சொல்லிவிடுவார். அவருக்கே கொடுத்துவிடலாம், மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அவரைத் தடுத்தது பணம் இல்லை என்று தெரியும். போர்டுதான்.

பெட்டர் கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். எர்னஸ்ட் கனடா போன இடம் வந்ததும், "அத்தன பெரிய ஆளே போட்டுட்டுப் போயிட்டானா?" என்று கேட்டார். போயிட்டார்ப்பா, ஆனா என்ஜின் நிக்கலை என்றேன். பெட்டர்கள் என்று யாரும் இல்லாத கம்பெனிதான் ஏவி1ஐ உலகத்துக்குக் கொடுத்தது. அதைப் புனேக்காரன் செய்தான், ராஜ்கோட்காரன் பார்த்துச் செய்தான், பஞ்சாப்காரன் வண்டியில் பூட்டினான். அவர்கள் யாரும் அந்தக் குடும்பத்துக்கு 'சன்ஸ்' கிடையாது. ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டவன் கையில்தான் அது போய்ச் சேர்கிறது, அவன் யார் வீட்டில் பிறந்தான் என்று இரும்பு கேட்பதில்லை. இதைச் சொல்லும்போது எனக்காகவும் சேர்த்துத்தான் சொன்னேன். பட்டறை என் கைக்கு வராமல் போனதற்கு நான் பெண் என்பது ஒரு காரணம். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வருடம் லேத்தில் நின்றவரைத் தாண்டி, ரத்தச் சொந்தம் என்பதற்காக அது எனக்கு வந்திருக்க வேண்டும் என்று வாதாடவும் என்னால் முடியவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் திரையில் கார் உதிரிபாகங்கள் வரைகிறேன். அதில் எனக்குத் திருப்தி இருக்கிறது.

தை மாதம் சாவியைக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. பதிவு டர்னர் அண்ணன் பெயரில் வந்துவிட்டது. பில்லில் இப்போது அவர் வைத்த புதுப் பெயர். போர்டை இறக்கிவிடலாம் என்று அப்பாவே சொன்னாராம். அண்ணன்தான், "இருக்கட்டுங்க மாமா, பார்ட்டிங்க இந்தப் போர்டப் பாத்துத்தான வண்டிய நிறுத்தறாங்க. பெயிண்ட் நிக்கற வரைக்கும் நிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.